ரிங்கில் ஏறும் முன்பே விழும் குத்து!

லிவர்பூல், 2025 செப்டம்பர் 13. உலகக் குத்துச்சண்டை சாம்பியன்ஷிப்பில் பெண்கள் 57 கிலோ இறுதிப்போட்டி. மூன்று ரவுண்டும் முடிந்துவிட்டது. நடுவர் இருவரின் மணிக்கட்டையும் பிடித்தபடி நடுவில் நிற்கிறார். ஒரு பக்கம் ஹரியானாவின் பிவானியிலிருந்து வந்த ஜெய்ஸ்மின் லம்போரியா, மறுபக்கம் போலந்தின் யூலியா ஷெரமெட்டா. மதிப்பெண் போடும் ஐந்து பேரில் நான்கு பேர் ஜெய்ஸ்மினுக்கு எழுதியிருக்கிறார்கள். அறிவிப்பு வந்ததும் நடுவர் தூக்கியது ஜெய்ஸ்மினின் கையை. இந்தியாவுக்கு ஓர் உலக சாம்பியன். மறுநாளே 48 கிலோவில் மீனாட்சி ஹூடா இன்னொரு தங்கம் வென்றார். அவருடைய அப்பா ரோத்தக் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

தோற்றுப்போன ஷெரமெட்டாவை ரசிகர்கள் ஓராண்டுக்கு முன்பே பார்த்திருந்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக் 57 கிலோ இறுதியில் அவரை வீழ்த்தித் தங்கம் வாங்கியவர் தைவானின் லின் யூ-டிங். அந்த லின் லிவர்பூலுக்கு வரவில்லை. பாரிஸில் 66 கிலோ தங்கம் வென்ற அல்ஜீரியாவின் இமான் கெலிஃபும் வரவில்லை. பிரான்ஸின் ஐந்து பெண்கள் லிவர்பூல்வரை வந்தும் ரிங்கில் ஏற முடியாமல் திரும்பினார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பஞ்சுக்குச்சி. கன்னத்தின் உட்புறத்தில் அதைத் தேய்த்தெடுத்து, எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரு மரபணு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். 18 வயது தாண்டிய வீராங்கனை எவரானாலும் இந்தச் சோதனைச் சான்று இல்லாமல் பெண்கள் பிரிவில் இறங்க முடியாது என்று ‘வேர்ல்டு பாக்ஸிங்’ அமைப்பு 2025 மே மாதம் அறிவித்தது. லிவர்பூல்தான் அந்த விதி அமலான முதல் உலக சாம்பியன்ஷிப்.

பாரிஸில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. டீக்கடையில் கேட்டால்கூட ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் வாக்குவாதம் முழுவதும் கெலிஃபைச் சுற்றியே நடக்கிறது. நாளைக்கு நம்மூரிலிருந்து ஒரு பெண் அந்த உயரத்துக்குப் போனால் அவளுக்கு என்ன நடக்கும்? அதைப் பற்றிய பேச்சையே காணோம். சொல்லப்போனால், அந்தக் கேள்விக்கான பதிலைத் தமிழ்நாடு 2006-லேயே பார்த்துவிட்டது.

46 நொடி

2024 ஆகஸ்ட் 1. பாரிஸில் கெலிஃபுக்கு எதிரே இத்தாலியின் ஆஞ்செலா கரினி. முகத்தில் விழுந்த குத்துக்குப் பிறகு கரினி தன் மூலைக்குப் போனார், கையைத் தூக்கினார், போட்டியிலிருந்து விலகினார். கடிகாரத்தில் ஓடியிருந்தது 46 நொடி. அன்று மாலைக்குள் உலகமே மரபணு நிபுணராகிவிட்டது.

இந்தக் கதையின் முதல் அத்தியாயம் நடந்தது நம் டெல்லியில். 2023 மார்ச் மாதம் அங்கே நடந்த பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில், இறுதிப்போட்டிக்குச் சற்று முன்பாக கெலிஃபை வெளியேற்றியது ஐ.பி.ஏ. என்ற அன்றைய சர்வதேசக் குத்துச்சண்டை சங்கம். லின் வாங்கியிருந்த வெண்கலமும் பறிபோனது. ‘தகுதிச் சோதனையில் தேறவில்லை’ என்றார்களே தவிர, என்ன சோதனை, எந்த விதிப்படி என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. தோல்வியே காணாத ரஷ்ய வீராங்கனை ஒருவரை கெலிஃப் தோற்கடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஐ.பி.ஏ.வின் தலைவரும் ரஷ்யர். இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பலர் பேசினார்கள். அதே 2023-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஐ.பி.ஏ.வின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. பாரிஸில் குத்துச்சண்டையைக் கமிட்டியே நேரடியாக நடத்தியது. பாஸ்போர்ட்டில் பெண் என்றிருந்தால் போதும் என்பதே அங்கே அளவுகோல்.

பிறகு ஐ.பி.ஏ.வின் இடத்துக்கு வந்தது வேர்ல்டு பாக்ஸிங். ஒலிம்பிக் கமிட்டி 2025 பிப்ரவரியில் அதைத் தற்காலிகமாக அங்கீகரித்தது. மே மாதம் மரபணுச் சோதனை அறிவிப்பு. அந்த அறிவிப்பிலேயே கெலிஃபின் பெயரைப் போட்டார்கள். பிறகு, பெயரைக் குறிப்பிட்டிருக்கக் கூடாது என்று அமைப்பின் தலைவரே மன்னிப்புக் கேட்டார். இந்த மன்னிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சோதனை வேண்டுமா வேண்டாமா என்பதில் நியாயமான இரண்டு கட்சிகள் இருக்கலாம். ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய தகவலை ஊருக்கு அறிவிப்பதில் இரண்டு கட்சி இருக்க முடியாது.

கெலிஃப் அல்ஜீரியாவின் தியாரெத் வட்டாரத்துக் கிராமத்துப் பெண். பெண்பிள்ளைக்கு எதற்குக் குத்துச்சண்டை என்று முதலில் தடுத்தவர் அவருடைய அப்பாதான். பயிற்சிக்குப் போக பஸ் காசுக்காக இவர் பழைய இரும்பு பொறுக்கி விற்றார், அம்மா வீட்டில் கூஸ்கூஸ் செய்து விற்றார். ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் இது புதுக்கோட்டையிலோ கடலூரிலோ நடந்த கதைதான்.

[பெட்டிச் செய்தி]
3-ல் தொடங்கி 7 வரை

ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை நுழைந்தது 2012 லண்டனில். மூன்றே எடைப் பிரிவுகள், மொத்தம் 36 பேர். வரலாற்றின் முதல் தங்கம் இங்கிலாந்தின் நிகோலா ஆடம்ஸுக்கு. அரையிறுதியில் அவரிடம் தோற்ற மேரி கோமுக்கு வெண்கலம். அப்போது அவர் இரட்டைக் குழந்தைகளின் தாய். தனக்குப் பழக்கமான எடையை விட்டு 51 கிலோவுக்கு ஏறி விளையாடினார்.
டோக்கியோவில் 5 பிரிவுகள். அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் வெண்கலம் வாங்கினார்.
பாரிஸில் பெண்களுக்கு 6 பிரிவுகள், ஆண் 124, பெண் 124 என்று சரிபாதி. இந்தியாவுக்குப் பதக்கமில்லை.
2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களுக்கு 7, பெண்களுக்கும் 7.

கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு நடந்தது

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு. பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் வெகு முன்னால் போய்விட்டார். வெள்ளிக்கான போட்டி கடைசி அடிவரை நீடித்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன் 2 நிமிடம் 3.16 நொடியில் கோட்டைத் தொட்டார். பின்னால் வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கு 2 நிமிடம் 3.19 நொடி. வித்தியாசம் 0.03 நொடி. சூளையில் செங்கல் அறுத்துப் பிழைத்த பெற்றோரின் மூத்த மகள் அவர்.

அதே மாதத்தில் அந்த வெள்ளி போய்விட்டது. தோஹாவில் சாந்தியை ஒரு மருத்துவச் சோதனைக்கு அழைத்துப்போனார்கள். என்ன சோதனை என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்பதை அவர் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு, பாலினச் சோதனையில் தேறவில்லை, பதக்கம் பறிக்கப்படுகிறது என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. சம்பந்தப்பட்டவருக்கு முன்னால் நாடு தெரிந்துகொண்டது.

அன்றைய முதல்வர் கருணாநிதி ஒரு காரியம் செய்தார். அறிவித்திருந்த 15 லட்ச ரூபாய்ப் பரிசை நிறுத்தவில்லை. கூப்பிட்டுக் கொடுத்தார், கூடவே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். அரசியல் கணக்கு இருந்ததோ இல்லையோ, அந்த வாரத்தில் சாந்திக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. அந்தப் பணத்தைப் போட்டு அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். பணம் கரைந்தது. 2012-ல் அவர் மீண்டும் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்வதாகச் செய்தி வந்தபோதுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு பயிற்சியாளர் படிப்பு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் ஒப்பந்தப் பணி, பின்னர் நிரந்தரப் பணி. பதக்கம் மட்டும் இன்றுவரை வரவில்லை.

இதன் பக்கத்தில் ஒடிசாவின் துத்தி சந்தை வைத்துப் பார்க்க வேண்டும். நெசவாளர் வீட்டுப் பெண். 2014-ல் உடலில் ஆண் ஹார்மோன் அளவு அதிகம் என்று சொல்லி அவரை கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியிலிருந்து நிறுத்தினார்கள். அவர் விடவில்லை. ஆராய்ச்சியாளர் பயோஷ்னி மித்ரா கூட நின்றார், இந்திய விளையாட்டு ஆணையமும் கைகொடுத்தது. வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு துத்தி ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார்.

இருவரும் ஏழை வீட்டுப் பெண்கள், இருவருக்கும் விழுந்த அடி ஏறக்குறைய ஒன்றே. துத்திக்கு மேல்முறையீடு என்ற ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தது. சாந்திக்கு அது இல்லை. எட்டு வருட இடைவெளியில் நாடு சற்றுக் கற்றுக்கொண்டது என்றும் சொல்லலாம். அதற்கான கட்டணத்தைச் சாந்தி செலுத்தியிருந்தார்.

சோதனை எதைச் சொல்லும்?

குத்துச்சண்டையில் பெண்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பதை விளையாட்டு தெரிந்த யாரும் மறுக்க மாட்டார்கள். ஓட்டத்தில் பின்தங்கினால் பதக்கம் போகும், ரிங்கில் பின்தங்கினால் தாடை போகும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. குத்து விடும் அசைவில் ஆண்களின் சராசரி ஆற்றல் பெண்களுடையதைவிட 162 சதவீதம் அதிகம் என்றது. ஓடும் வேகம், தாண்டும் உயரம் இவற்றிலெல்லாம் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. ‘எங்கள் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?’ என்று வீராங்கனைகள் கேட்கும்போது அதைப் பொறாமை என்று ஒதுக்க முடியாது.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது சாதாரண ஆண்களையும் சாதாரணப் பெண்களையும். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, உடலின் உள்ளமைப்பில் மட்டும் மாறுபாடு உள்ளவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. எஸ்.ஆர்.ஒய். என்பது ஆணின் உடல் உருவாவதைத் தொடங்கிவைக்கும் மரபணு. சிலருக்கு அந்த மரபணு இருக்கும், ஆனால் ஆண் ஹார்மோனை உடல் ஏற்றுக்கொள்ளவே செய்யாது. அந்த ஹார்மோனால் அவர்களுக்கு விளையாட்டில் எந்த அனுகூலமும் இல்லை. சுவிட்ச் இருப்பதைப் பார்த்துவிட்டு விளக்கு எரிகிறது என்று எழுதிக்கொள்ள முடியாது. 1990-ல் அந்த மரபணுவைக் கண்டறிந்த குழுவின் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்க்ளேரே, தன் கண்டுபிடிப்பை இதற்குப் பயன்படுத்துவதை எதிர்த்து 2025-ல் எழுதினார். வேர்ல்டு பாக்ஸிங்கின் விதியிலும் முதல் சோதனையோடு முடிவெடுப்பதில்லை. மரபணு தென்பட்டால் ஹார்மோன் அளவு, உடற்பரிசோதனை என்று மருத்துவர்களிடம் போகும், மேல்முறையீடும் உண்டு. தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் படிகளில் ஒரு பெண்ணுடன் கூட நடந்துபோகிறவர் யார் என்பதைத் தாள் சொல்லவில்லை.

பணக்கார நாடான பிரான்ஸுக்கே இதில் கால் இடறியது. அந்த நாட்டுச் சட்டம் இப்படிப்பட்ட மரபணுச் சோதனையை அனுமதிப்பதில்லை. அதனால் இங்கிலாந்து வந்துதான் மாதிரி கொடுத்தார்கள். முடிவு கெடு தாண்டி வந்தது. ஐந்து பெண்களின் பல மாதப் பயிற்சி வீண். அவர்களில் யாரும் சோதனையில் தோற்கவில்லை. தபால் தாமதமானால் பரீட்சையே எழுத விடாத கதை.

[பெட்டிச் செய்தி]
ஏற்கெனவே ஒருமுறை கைவிட்டது

ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை 1968-லிருந்து.
1985-ல் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீன்யோ ஜப்பானில் சோதனையில் தேறவில்லை. செய்தி வெளியே கசிந்து, பதக்கம், உதவித்தொகை, நண்பர்கள் எல்லாம் போயின. போராடி 1988-ல் தகுதியை மீட்டார்.
1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்தார்கள். 8 பேருக்கு எஸ்.ஆர்.ஒய். தென்பட்டது. எட்டுப் பேரையுமே விளையாட அனுமதித்தார்கள்.
1999-ல் எல்லாருக்குமான சோதனையை ஒலிம்பிக் கமிட்டி கைவிட்டது.
2025-ல் குத்துச்சண்டையும் தடகளமும் அதே மரபணுவைத் தேடித் திரும்பியிருக்கின்றன.

ஆர்ச் கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்

இனி நெய்வேலிக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர் ஒலிம்பிக் வீராங்கனையை உருவாக்க முடியுமானால் அதற்கு வேண்டியவை ஏறக்குறைய எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது இங்கேதான். 1956-ல் சுரங்க நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டு நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம் எழுந்தது. பழுப்பு நிலக்கரியை நம்பி, திட்டம் போட்டு எழுப்பிய ஊர். வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், நிழல் மூடிய சாலைகள், பள்ளிக்கூடங்கள், கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரி, பாரதி ஸ்டேடியம். பெண்பிள்ளைகள் சைக்கிளில் தனியாகப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்வருவது இங்கே புதிதில்லை. காலை ஐந்தரைக்கு ஒரு பெண் தனியாக ஓடப்போனால் யாரும் நின்று பார்க்காத ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது.

ஆனால் நெய்வேலி இரண்டு ஊர். குவார்ட்டர்ஸ் பகுதியின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு உள்ளே பர்மனன்ட், வெளியே கான்ட்ராக்ட். மந்தாரக்குப்பம், வடலூர் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கும், வட்டத்துக்குள் குவார்ட்டர்ஸில் வளரும் மகளுக்கும் இடையிலான தூரம் சில கிலோமீட்டர்தான். மருத்துவம், மைதானம், அப்பாவின் சம்பளச் சீட்டு என்று கணக்குப் பார்த்தால் அந்தத் தூரம் பல மடங்காகும். அதற்கும் வெளியே, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த, கொடுக்க மறுக்கிற கிராமங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கிய காட்சி இன்னும் மறக்கவில்லை. நிலம் கொடுத்தவன் பிள்ளைக்கு வேலை எங்கே என்பதுதான் இந்த வட்டாரத்தின் நிரந்தரக் கேள்வி. குத்துச்சண்டையைப் பற்றி எழுதவந்த இடத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். பெண்கள் குத்துச்சண்டை இந்தியாவில் வளர்ந்ததே வேலை என்ற ஒற்றைச் சொல்லால்தான்.

ஜெய்ஸ்மின் ராணுவத்தில் சேர்ந்திருக்கிறார். மீனாட்சி இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை. நிகத் ஸரீன் தெலங்கானா போலீஸில் டி.எஸ்.பி., லவ்லினா அசாம் போலீஸில் டி.எஸ்.பி., மேரி கோம் மணிப்பூர் போலீஸ். பதக்கப் பட்டியலைப் பார்த்தால் யூனிஃபார்ம் அணிவகுப்புபோல இருக்கிறது. பிவானியிலும் ரோத்தக்கிலும் விவசாயக் குடும்பங்கள் பெண்ணின் கையில் கிளவுஸ் மாட்டிவிடுவது புரட்சி மனப்பான்மையால் அல்ல. மாநிலப் போட்டியில் ஜெயித்தால் ஒரு கதவு, தேசியப் போட்டியில் ஜெயித்தால் இன்னொரு கதவு என்று தெரிந்ததால். நெய்வேலி ஆலை வாசலில் காவல் நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைகூட விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறது, குத்துச்சண்டைக்காரர்கள் உட்பட. அந்த வாசலைத் தினமும் கடக்கிற வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தமிழ்நாடு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற 2013 கம்பெனிச் சட்டத்தின் பட்டியலில், ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் கிராமப்புற விளையாட்டும் இடம்பெற்றிருக்கின்றன. 20 அடி சதுர ரிங் ஒன்று, தொங்கும் மூட்டைகள் சில, பத்து அவுன்ஸ் கிளவுஸ் இருபது ஜோடி, தலைக்கவசங்கள், ஒரு பெண் கோச். சுரங்கத்தில் ஓடும் இயந்திரங்களின் விலையோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை. சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கென்று அதை ஆர்ச் கேட்டுக்கு வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்பதில்தான் நிர்வாகத்தின் மனசு தெரியும்.

சென்னை தொடங்கி வைத்தது, சென்னை விட்டுவிட்டது

பலருக்கு நினைவிருக்காது. இந்தியாவின் முதல் தேசியப் பெண்கள் குத்துச்சண்டை சாம்பியன்ஷிப் நடந்தது சென்னையில், 2001 பிப்ரவரியில். அங்கே தங்கம் வென்ற மணிப்பூர்ப் பெண் ஒருத்தி அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினாள். மேரி கோம்! இங்கே ஏற்றிய விளக்கு இம்பாலிலும் பிவானியிலும் எரிந்தது. ஒலிம்பிக் ரிங்கில் இதுவரை தமிழ்நாட்டுப் பெண் ஒருவர்கூட ஏறியதில்லை. லிவர்பூல் சென்ற பத்து இந்தியப் பெண்களில் பாதிக்கு மேல் ஹரியானா, நம்மவர் யாருமில்லை. 2024 ஜனவரியில் சென்னையிலும் வேறு சில நகரங்களிலும் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் 38 தங்கத்தோடு தமிழ்நாடு நாட்டிலேயே இரண்டாம் இடம் பிடித்ததே, அந்த மாநிலம்தான் இது.

திறமைக்குப் பஞ்சமில்லை. பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை ஊறிய வடசென்னை இருக்கிறது. அந்தச் சென்னையிலிருந்து வந்த கலைவாணி சீனிவாசன் 2019 தேசியப் போட்டியில் வெள்ளி வென்றார், அதே ஆண்டு காத்மாண்டு தெற்காசியப் போட்டியில் 48 கிலோ தங்கம் வாங்கினார். அப்பாவும் அண்ணனும் குத்துச்சண்டை தெரிந்தவர்கள் என்பதால் வீட்டில் தடையில்லை. உறவினர்கள் சும்மா இருக்கவில்லை. பெண்ணை இதில் விட்டால் கல்யாணம் நடக்காது என்று அப்பாவிடமே சொன்னார்கள். மேல் பயிற்சிக்கு அவர் போனது கர்நாடகத்தின் விஜயநகரில் உள்ள தனியார் பயிற்சி நிலையத்துக்கு.

அவருக்கு முந்தைய தலைமுறையில் துளசி ஹெலன். வீடு வடசென்னை, சாதி தலித், கையில் ஏராளமான பதக்கங்கள். கூடவே ஆட்டோ ஓட்டினார், பீட்சா டெலிவரி செய்தார். சங்க நிர்வாகி ஒருவர்மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். அவருடைய கதையை நார்வேயிலிருந்து வந்த இரண்டு பெண்கள் 2013-ல் ஆவணப்படமாக எடுத்தார்கள். ஐரோப்பியத் திரைப்பட விழாக்கள் கைதட்டின, இங்கே அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 2016-ல் ‘இறுதிச்சுற்று’ வந்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. படத்தில் வரும் சங்க அதிகாரியை எல்லாரும் திட்டினோம். நிஜத்தில் புகார் கொடுத்த பெண்ணை எத்தனை பேர் தேடிப்போனோம்?

நம் பெண்கள் ரிங்கை அடையும் முன்பே இத்தனை குத்து வாங்குகிறார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு, வெளியே முட்டைக்கும் பாலுக்கும் காசில்லாத மாதக் கடைசி, சங்கத்தில் தோளைத் தொடும் கை. எல்லாவற்றையும் தாண்டி 18 வயதில் சீனியர் அணியின் வாசலுக்கு வரும்போது புதிதாக ஒரு பஞ்சுக்குச்சி காத்திருக்கிறது.

பதினெட்டு வயதில் ஒரு கையெழுத்து

சோதனையின் பொறுப்பை வேர்ல்டு பாக்ஸிங் அந்தந்த நாட்டுச் சங்கத்தின் தலையில் கட்டிவிட்டது. உலகத் தடகள அமைப்பாவது ஒரு சோதனைக்கு 100 டாலர்வரை தருகிறோம் என்றது. பணத்தைக்கூட விடுங்கள். 12 வயதில் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கு 18 வயதுவரை யாரும் எதுவும் சொல்வதில்லை. தன் வாழ்க்கையின் ஆறு வருடத்தை அதில் போட்ட பிறகு, அணித் தேர்வுக்குச் சில வாரம் முன்பு ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது ஐந்து நிமிட வேலை. அபூர்வமாக ஒருத்திக்கு மட்டும், தன் உடலைப் பற்றித் தானே அறியாத ஒன்றை ஓர் ஆய்வகச் சீட்டு சொல்லப்போகிறது. பிள்ளை பெறுவது, கல்யாணம், ஊரில் தலைகாட்டுவது எல்லாம் அந்தச் சீட்டில் தொங்கும்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கு அந்தச் சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோச்சுக்குத் தெரிந்தால் சங்கத்துக்குத் தெரியும், சங்கத்துக்குத் தெரிந்தால் வாட்ஸ்அப்புக்குத் தெரியும். அணிப் பட்டியலில் திடீரென்று ஒரு பெயர் இல்லாமல் போனாலே போதும், ஊர் மிச்சத்தை எழுதிக்கொள்ளும். ‘காயம்’ என்று சொன்னால் நம்புவார்களா? சோதனைக்குப் போகாமலே ஒதுங்கிக்கொள்ளும் பெண்ணையும் இனி சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

இந்தச் சோதனை வேண்டாம் என்று வாதாடுவது சரி என்று எனக்குப் படவில்லை. ரிங்கில் குத்து வாங்குகிற பெண்ணின் அச்சம் நிஜம், விதி என்ற ஒன்று இருந்துதான் ஆக வேண்டும். ஆனால் இன்றைய வடிவில், விதியை எழுதியவர்கள் ஐரோப்பிய வீராங்கனைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். அங்கே குடும்ப மருத்துவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, தன் தாய்மொழியில் படிவம் உண்டு. இங்கே?

செய்யக்கூடியது ஒன்றும் ராக்கெட் விடுவது மாதிரிக் கடினமில்லை. படிவம் தமிழில் இருக்க வேண்டும். பெண் மருத்துவர் ஒருவர் பெண்ணையும் பெற்றோரையும் உட்காரவைத்து விளக்க வேண்டும். அந்தப் பெண் விரும்பினால், பெரிய போட்டிக்கு வெகு முன்பே, தான் வளர்ந்த ஊர் மருத்துவமனையில் ரகசியமாகப் பார்த்துக்கொள்ள வழி வேண்டும். முடிவு முதலில் அவளுக்கு மட்டும் போக வேண்டும். கசியவிட்டவருக்குத் தண்டனை வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் சொன்னார்கள். சாந்தியின் காலத்தில் அந்தத் தீர்ப்பு கிடையாது, இப்போது இருக்கிறது. விலக்கப்பட்ட பெண்ணுக்கு அதுவரை சம்பாதித்த சான்றிதழ்களும் வேலை உரிமையும் செல்லும் என்று அரசாணை போட ஒரு நாள் போதும். சாந்திக்கு அந்த நிரந்தர வேலை பத்து வருடம் கழித்துக் கிடைத்தது.

அடுத்து ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு, 2026 செப்டம்பர் 19 முதல். அதற்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ், ஏழு பிரிவுகள். ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒருவர்தான் போக முடியும். பாரிஸில் இருந்த வயது விதியே நீடித்தால், 2009-லோ அதற்கு முன்போ பிறந்த பெண்கள்தான் அங்கே ஏற முடியும். நெய்வேலிப் பள்ளிகளில் அந்த வயதுப் பெண்கள் இப்போது மேல்வகுப்புகளில் இருக்கிறார்கள். விளையாட்டுத் துறைக்கும், நெய்வேலி நிர்வாகத்துக்கும், குத்துச்சண்டை சங்கத்துக்கும் கையில் இருக்கிற காலம் அவ்வளவுதான். தமிழில் அந்தப் படிவத்தை அச்சடிக்கும் வேலையையாவது இந்த ஆண்டே தொடங்கலாம்.